தள்ளிவிடச் சொன்ன கப்பல்

ஜனவரி 11

அன்புள்ள மருமகளுக்கு,

ஊரில் எனக்குத் தெரியாத சட்டமே கிடையாது என்று பெயரெடுத்த, அதாவது படங்களுக்குச் சட்டம் போட்டுப் பிழைக்கும் உன் மாமன் எழுதிக்கொள்வது. எனக்கு உடம்பு இரும்பு, பல் மட்டும் கொஞ்சம் துரு. அங்கே உன் நலம், அக்காவின் இடது முழங்கால் நலம், இரண்டையும் தனித்தனியாக எழுதவும்.

இப்போது நான் சொல்லப்போவதை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீயும் நம்பமாட்டாய். இருந்தாலும் என் கடைச் சுவரில் தொங்கும் அத்தனை முன்னோர்களின் மீதும் ஆணையாக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

போன கடிதத்தில் நீ என்ன எழுதினாய்? "அம்மா இனிமேல் என்னோடுதான். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கார் ஓட்டப்போவதில்லை. மாமா, கப்பலைச் சீக்கிரம் தள்ளிவிடுங்கள்." நீயோ அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு சொல்லைப் போட்டால் யோசித்துத்தான் போட்டிருப்பாய் என்று நம்பினேன். அக்கா வீட்டுக் கொட்டகையைத் திறந்தேன். நாற்பது வருடம் உன் அம்மா திரைச்சீலைத் துணியும் கம்பியும் ஏற்றி, ஜன்னல் வழியே துணியைப் பாய்மரம்போல் பறக்கவிட்டுக்கொண்டு வீடுவீடாக அளவெடுக்கப் போனாளே, அதனால் ஊரே கப்பல் என்று கூப்பிட்டதே, அந்தக் காரை இந்த இரண்டு கைகளால் தள்ளிவிட்டேன்.

அது புறப்பட்டது. இறக்கத்தில் அது தபால் நிலையத்தைத் தாண்டிய வேகத்தைப் பார்த்து மேலே போன விமானம் ஒன்று மேகத்துக்குள் ஒதுங்கி வழிவிட்டது. நாற்சந்தியில் காவலர் கை காட்டினார். கப்பல் மரியாதையாக நின்று, அவர் கையை இறக்கிய பிறகே மறுபடி கிளம்பியது. ஓட்ட ஆளில்லாத வண்டி இத்தனை ஒழுங்காகப் போகிறதே என்று, ஓட்ட ஆளிருந்த வண்டிக்காரர்கள் எல்லாம் வெட்கப்பட்டு இறங்கி நடந்தார்கள். கடைசியில் ரொட்டிக் கடை வாசலில், வாசனை பார்த்து, ஓரமாக நின்றுகொண்டது.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், பிரேக் பிடிக்கவில்லை. பிரேக் இல்லாத காரை ஒருவர் தலையில் கட்டுவது பாவம். அதை மட்டும் சரி செய்துவிட்டு விற்றுவிடுகிறேன். அதை மட்டும்தான்.

போனில் சொன்னால் என்ன என்று வழக்கம்போல் கேட்பாய். போனில் பொய் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். காகிதம் எப்போதும் நம் கட்சி.

இப்படிக்கு,
மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் மாமா


ஜனவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். அம்மா நலம். முழங்காலைத் தனியாகக் கேட்டதால் தனியாகச் சொல்கிறேன்: நலமில்லை. அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஆபரேஷன். உங்கள் பல்லை யாரிடமாவது காட்டுங்கள்.

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விமானம் ஒதுங்கிய இடத்தில் தேநீர் புரையேறிவிட்டது. தள்ளிவிடு என்றால் விற்றுத் தொலை என்று அர்த்தம் மாமா. ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

விளையாட்டு போதும். அம்மா இங்கே வந்ததிலிருந்து பெட்டியைப் பிரிக்கவில்லை. அலமாரியில் பாதியைக் காலி செய்து கொடுத்தேன். அந்தப் பாதியில் என் புத்தகங்களை அழகாக அடுக்கி வைத்திருக்கிறாள். மாற்றுத்துணி வேண்டுமென்றால் பெட்டியைத் திறக்கிறாள், எடுக்கிறாள், பூட்டிவிடுகிறாள். அந்தக் கார் அங்கே நிற்கிற வரைக்கும் இவள் இங்கே விருந்தாளிதான். அந்த வீட்டில் மாடிப்படி இருக்கிறது. விழுந்தால் தூக்க ஆளில்லை. நீங்கள் நாலு தெரு தள்ளி இருக்கிறீர்கள், உங்களைக் கூப்பிட்டால் கதை சொல்லிக்கொண்டே வருவீர்கள். வேண்டாம். கப்பல் போனால்தான் இவள் இங்கே தங்குவாள்.

அதனால் பிரேக்கை மட்டும் பார்த்து, கழுவித் துடைத்து, இருக்கிறபடியே கொடுத்துவிடுங்கள். விளம்பரத்தில் என் முகவரியையும் சேர்த்துப் போடுங்கள்.

அம்மா ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள்: "கிளட்ச் இன்னும் கல்லு மாதிரிதான் இருக்கான்னு கேளு. வாங்குறவங்க பாவம், காலு போயிடும்." முகம் தெரியாத மனிதர் மீது இவளுக்கு ஏன் இத்தனை கரிசனம் என்று தெரியவில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 2

அன்பு மருமகளுக்கு,

இங்கு நான், கடை, கடைப்பூனை மூவரும் சௌக்கியம். ஆபரேஷன் நெருங்குகிறதே என்று நீ பயப்படவேண்டாம். நான் இங்கிருந்தே இருவருக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு கோழை போதும்.

பிரேக் ஆயிற்று. இப்போது மிதித்தால் கப்பல் மட்டுமல்ல, பக்கத்துத் தெருவில் நடந்து போகிறவர்களும் நின்றுவிடுகிறார்கள்.

விற்பதற்கு முன் இன்னும் எவ்வளவு வேலை பார்ப்பது என்று தீர்மானிக்க நேற்று கொட்டகையில் உலக மாநாடு கூட்டினேன். வந்தவர்கள் இரண்டு பேர்: மெக்கானிக் ஸ்பானர், ஒடுக்கு எடுக்கும் டிங்கர்.

"எஞ்சினை இறக்கிடலாம்ணே," என்றான் ஸ்பானர். அவனுக்குத் தலைவலி வந்தால்கூட எஞ்சினை இறக்கினால்தான் தீரும்.

"எஞ்சினை எவன் பாக்கப்போறான்? பெயிண்ட் அடிங்க. பளபளன்னு இருந்தா பத்து ஓட்டை தெரியாது," என்றார் டிங்கர்.

"பளபளன்னு இருந்தாத்தான் எதை மறைச்சிருக்கான்னு சுரண்டிப் பாப்பாங்க. பழசு பழசா இருந்தாத்தான் மவுசு. உங்களுக்கு வண்டியும் தெரியாது, வாங்குறவனையும் தெரியாது."

"யாருக்குடா தெரியாது? நீ பொறக்கும்போதே நான் சுத்தியலோட நின்னவன்."

நான் கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னேன். பழைய படம் வந்தால் சட்டத்தை மாற்றுவேன், கண்ணாடியை மாற்றுவேன், படத்திலிருக்கும் ஆளின் மீசையைத் தொடமாட்டேன். அதே நீதிதான் இதற்கும். பெயிண்ட் அப்படியே இருக்கட்டும். பம்பர் நெளிசல், கதவுக் கீறல் எல்லாம் மீசை. ஆனால் கிளட்ச் இருக்கிறதே, அதை மிதிக்க யானைக்கே இரண்டு கால் வேண்டும். ஆகவே பழைய கம்பியை எடுத்துவிட்டு, எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிற மாதிரி ஒன்றைப் போடச் சொல்லிவிட்டேன். இனி வாங்குகிறவர் தலையணையை மிதிக்கிற மாதிரி மிதிக்கலாம் என்று அக்காவிடம் சொல்.

இதுவே கடைசி. ஆணைக்கு முன்னோர்கள் தயார்.

இப்படிக்கு,
மாநாட்டுத் தலைவர்


மார்ச் 1

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் பயந்த அளவுக்குப் பலன் கிடைத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அம்மா கோலை ஊன்றி நடக்கிறாள். நானும் நலம். உங்களுக்கும் பூனைக்கும் பெரிய நன்றி.

கிளட்ச் போட்டது போட்டதாக இருக்கட்டும். அதற்கு மேல் ஒரு திருகாணியைக்கூடத் தொடாதீர்கள்.

அம்மா இங்கே ஒட்டிக்கொண்டுவிட்டாள் என்றுதான் தோன்றுகிறது. பயிற்சியில் அவ்வளவு ஆர்வம். நாற்காலியில் உட்கார்ந்து, சுவரோடு அணைத்து வைத்த தலையணையை இடது பாதத்தால் மிதிக்கிறாள், மெதுவாக விடுகிறாள். மறுபடி மிதிக்கிறாள், பாதி விட்டு அப்படியே பிடித்துக்கொள்கிறாள். பயிற்சி சொல்லித்தர வரும் பெண்ணுக்கு ஆச்சரியம். "நான் சொன்னதுக்கு மேலயே செய்றாங்க. பாதியில நிறுத்திப் பிடிக்கிறதெல்லாம் நான் சொல்லவே இல்ல, அவங்களே கண்டுபிடிச்சது."

கோலோடு லிஃப்டில் ஏறி இறங்கி, கட்டடத்தில் இருக்கிற வீடுகளில் எல்லாம் ஜன்னல் அளக்கப் போகிறாள். ஐந்து வருடமாக நான் முகம் பார்த்துச் சிரிக்காதவர்கள் இப்போது "உங்க அம்மா இருக்காங்களா?" என்று கதவைத் தட்டுகிறார்கள். என் வீட்டுக்கும் புதுத் திரை வந்திருக்கிறது. வேலை முடிந்து வரும்போது நான்காவது மாடியில் விளக்கு எரிவது கீழேயிருந்தே தெரிகிறது.

அம்மா கேட்கிறாள்: "அந்த சீட் குழியில உக்காந்த மாதிரில இருக்கும். ரோடே தெரியாதே. தம்பி அதை கவனிச்சானா?"

கவனிக்க வேண்டாம். விற்றுவிடுங்கள்.

அன்புடன்,
மருமகள்


மார்ச் 26

அருமை மருமகளே,

பதில் தாமதமானதற்குக் காரணம் நான் இல்லை, வரலாறு. அக்கா நடப்பதைக் கேட்டு இங்கே நானும் இரண்டு சுற்று அதிகமாக நடந்தேன். நலமே.

விளம்பரம் பார்த்து ஒருவர் வந்தார். பழைய கார்களைச் சேர்ப்பவராம். தலையில் ஒரு தொப்பி. அதன் நிழல் விழுந்ததில் தெருவில் விளக்குப் போட்டுவிட்டார்கள். எஞ்சினைக் காட்டுங்கள் என்றார். நான் ஹாரனைக் காட்டினேன். அடித்த அடியில் தொப்பி கிளம்பிப்போய் வேறொரு நாட்டில் இறங்கி, அங்கே அதற்குக் குடியுரிமையும் கொடுத்துவிட்டார்கள். தொப்பியைத் தேடிப் போனவர் திரும்பவில்லை. ஆகவே விற்பனை கைகூடவில்லை. கப்பல் கவிழ்ந்ததுபோல் உட்காராதே, வேறு ஆள் வரும்.

சீட் விஷயத்தில் அக்கா சொல்வது நியாயம்தான். கொஞ்சம் உயர்த்தியாயிற்று. கொஞ்சம் முன்னாலும் தள்ளியாயிற்று. தள்ளுவது நீ சொல்லிக்கொடுத்த வேலை.

இப்படிக்கு,
வரலாற்றின் நடுவே நிற்கும் மாமா


ஏப்ரல் 5

மாமாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம்.

தொப்பி எந்த நாட்டுக்கும் போகவில்லை. தொப்பிக்காரர் எனக்கே எழுதியிருக்கிறார். பெயிண்ட் அசலாக இருப்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நெளிசல், துரு எதையும் தொடாமல் நாளைக்கே எடுத்துக்கொள்கிறாராம். ஆனால் "விலையைக் கேட்டால் உங்கள் மாமா வானிலையைச் சொல்கிறார்" என்கிறார்.

கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "ஓட்டுநர் சீட்டை நாலு விரல் உயர்த்தி, நன்றாக முன்னால் இழுத்து, போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். நான் உட்கார்ந்தால் ஸ்டியரிங்கில் முழங்கால் இடிக்கிறது. பார்க்கிற இடத்தில் எல்லாம் நெளிசலை விட்டுவிட்டு, பார்க்காத இடத்தில் எல்லாம் செலவு செய்திருக்கிறார்கள். விற்கிற வண்டியில் யாருக்காக இதைச் செய்தார்கள்?"

யாருக்காக மாமா?

மருமகள்


ஏப்ரல் 19

மருமகளுக்கு,

கடும் ஜலதோஷம். ஒரு தும்மலுக்கு நாலு சட்டம் கழன்று விழுகிறது. பேனா பிடிக்க முடியவில்லை. விவரம் பின்னால். அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
மூக்கு


மே 3

அன்புள்ள மாமாவுக்கு,

ஜலதோஷம் குணமாகியிருக்கும் என்று தெரியும், ஏனென்றால் அது வரவேயில்லை.

தள்ளிவிடு என்று எழுதியதற்கு நிஜமாகவே தள்ளிவிட்டீர்கள் அல்லவா? அக்காவைக் கேட்டதாகச் சொல் என்று எழுதினீர்கள். நானும் நிஜமாகவே கேட்டேன்.

அம்மா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காரை யாரும்மா வாங்கப்போறாங்க?"

"ஆளு இருக்கு."

"என்ன உயரம் இருப்பாங்க?"

"அஞ்சடி இருக்கும். செருப்போட."

"உன் உயரம் என்னம்மா?"

"செருப்போடயா?"

நான் கத்தியை வாங்கி வைத்துவிட்டேன். "என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாம்ல?"

"எத்தனை தடவை ஊருக்குப் போறேன்னேன். நீ காதுல வாங்கினாத்தானே. சரின்னு ஒவ்வொரு லெட்டர்லயும் உன் கையாலயே எழுத வெச்சேன். கிளட்ச்சு, சீட்டு எல்லாம். பிழை திருத்துற புள்ள, கண்டுபிடிச்சிடுவான்னு பயந்துட்டே இருந்தேன். கடைசியில தொப்பிக்காரன் வந்து சொல்ல வேண்டியதாப் போச்சு."

"அங்க விழுந்தா யாரு இருக்கா?"

"இங்க விழுந்தா மட்டும்? நீ ஆபீஸ்ல காற்புள்ளி தேடிட்டு இருப்ப."

"உனக்கு இங்க என்னம்மா குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. இந்தக் கட்டடத்துல ஜன்னல் தீந்துபோச்சு. இனி நான் எதை அளக்கறது?"

பீன்ஸை நானே நறுக்கினேன். கோணல்மாணலாக.

மாமா, உங்களுக்கு எழுதியதில் எல்லாம் மாடிப்படி, முழங்கால் என்றே எழுதினேன். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த நான்காவது மாடி விளக்கு எனக்குப் பழகிவிட்டது. அது அணைந்திருக்கிற வீட்டுக்குள் சாவி போட்டு நுழைவதை மறந்தே போனேன். கப்பலை விற்கச் சொன்னது அம்மாவின் காலுக்காக மட்டுமில்லை. இப்போது அம்மா புண்ணியத்தில் எதிர்வீட்டு ஆசிரியையும் நானும் ராத்திரிச் சாப்பாட்டைச் சேர்ந்தே சாப்பிடுகிறோம். நான் சமாளித்துக்கொள்வேன்.

ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. வலியில்லாமல் அழுத்தி மிதிக்க முடிந்தால் ஓட்டலாம் என்கிறார் டாக்டர். முடிகிறதா என்று தலையணையை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் ஒரு சோதனை. அம்மா அடுத்த மாதம் ரயிலில் வருகிறாள். தபால் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஏறுகிற மேட்டில், நடுவில் வண்டியை நிறுத்தி, மறுபடி எடுக்கவேண்டும். ஹேண்ட் பிரேக்கை யாரும் தொடக்கூடாது. கிளட்சைப் பாதி விட்டுப் பிடிக்க அந்த இடது கால்தான் வேலை செய்யவேண்டும். வண்டி பின்னால் உருண்டால் கப்பல் தொப்பிக்காரருக்கு, அம்மா எனக்கு. உருளாவிட்டால் இரண்டும் உங்கள் ஊருக்கு. அம்மா கைகொடுத்துச் சம்மதித்திருக்கிறாள்.

பள்ளிப் புத்தகங்கள் அச்சுக்குப் போகிற சமயம், எனக்கு லீவு கிடைக்காது. நீங்கள்தான் எனக்குக் கண். அந்த மேட்டில் நடந்ததை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, உண்மையாக எழுதுங்கள் மாமா.

உங்களை நம்புவதைத் தவிர வேறு வழியில்லாத,
மருமகள்


ஜூன் 8

மகளுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் நல்ல தூக்கம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. எதிர்வீட்டு ஆசிரியைக்குச் சமையலறைத் திரையின் ஓரம் மடித்துத் தைக்கவில்லை, அடுத்த தடவை வரும்போது என்று சொல்.

நேற்று சோதனை முடிந்தது. முடிவைத் தானே எழுதவேண்டும் என்று உன் மாமா என் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறான். மூன்று காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டான். அவன் எழுதுவதை ஆறவைத்து வாசி.

அம்மா


ஜூன் 12

அன்புள்ள மருமகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். உண்மையை எழுது என்று இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டதும் உடம்பெல்லாம் அரித்தது. பழக்கமில்லாத சாப்பாடு இல்லையா.

சோதனை நாளன்று வங்கிக்கு விடுமுறை விட்டார்கள். மூன்று மாவட்டத்துச் சனம் மேட்டின் இரண்டு பக்கமும் நின்றது. கூட்டத்தின் கனத்தில் மேடு ஒரு சாண் இறங்கிவிட்டது, டிங்கர் சுத்தியலோடு வந்து அடியிலிருந்து தட்டி நிமிர்த்தினார். அக்கா கப்பலில் ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவுதான், நாற்பது வருடத்தில் அவள் தைத்துக்கொடுத்த ஊர்த் திரைச்சீலைகள் அத்தனையும், இழுக்க ஆளில்லாமல், தாமாக விலகின. ஜன்னல்களெல்லாம் கண்ணைத் திறந்து பார்த்தன.

பக்கத்து சீட்டில் ஸ்பானர். ஹேண்ட் பிரேக்கைத் தொடவில்லை என்று காட்ட இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியிருந்தான். பார்க்க வழிப்பறியில் மாட்டினவன் மாதிரி இருந்தது. தொப்பிக்காரரும் வந்திருந்தார், வண்டியை இழுத்துப்போகக் கயிற்றோடு.

கப்பல் ஏறியது. நட்ட நடுவில் நின்றது.

இப்போது ஒரு சிக்கல். உருளுகிறதா இல்லையா என்று யார் சொல்வது? ஸ்பானர் அக்கா கட்சி. தொப்பிக்காரர் கயிறு கட்சி. நான் எந்தக் கட்சியாக இருந்தாலும் நீ நம்பப்போவதில்லை. கடையிலிருந்து, படத்துக்குப் போடுகிற ஆளுயரக் கண்ணாடிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தேன். பின் பம்பருக்கும் அதற்கும் இரண்டு விரல் இடைவெளி. கண்ணாடிக்கு எந்தக் கட்சியும் கிடையாது, வண்டி இரண்டு விரல் பின்னால் வந்தால் உடைந்து சொல்லிவிடும். ஆனால் அது தானாக நிற்காது. ஆகவே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். "டேய், தள்ளி நில்லுடா."

"நீ வண்டியை எடுக்கா."

"கால் வழுக்கினா நசுங்கிப் போவ. தள்ளுடா அங்கிட்டு."

"தள்ளித்தான் அஞ்சு மாசமாச்சே. எடு."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். எஞ்சின் உறுமியது, சிங்கக் கூட்டம் ஒன்று காட்டைக் காலி செய்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பம்பரின் நெளிசல் நடுங்கியது. அப்படியே நின்றது. பிறகு மூன்று விரல் இடைவெளி ஆனது, பிறகு ஒரு முழம், பிறகு கப்பல் போன வேகத்தில் மேடு இருந்த இடம் சமவெளியாகி, இப்போது அங்கே விமானங்கள் இறங்குகின்றன. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். கப்பல் கிளப்பிய காற்று அதை அடித்துப்போக, இந்தத் தடவை அவர் நிஜமாகவே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

நீ பிழை திருத்துகிறவள், அதனால் உனக்கு வேலை வைக்காமல் நானே திருத்திவிடுகிறேன். மூன்று மாவட்டம் பொய், வந்தது ஆறு பேர். வங்கி பொய். சிங்கம் பொய். திரைச்சீலை பொய்தான், எழுதும்போது நிஜம் போலத் தோன்றியது. அக்கா போன வேகத்துக்கு என் கடைப்பூனை முந்தியிருக்கும். மேடு மேடாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. அக்கா கிளட்சை விட்டுப் பிடித்தபோது வண்டிக்குப் பின்னால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

இப்படிக்கு,
ஒரு கீறல்கூட இல்லாமல்,
உன் மாமா